அக்டோபர் விடுமுறையில் டோர்செட் கடற்கரை: போகலாமா, வீண் செலவா?

#1 ஹவுன்ஸ்லோ முத்து

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். தூத்துக்குடிக்காரர். ஷாப்பிங் மாலையும் கோயிலையும் மாறி மாறிக் காட்டியதில் சலித்துப்போய், "ஏல, இது தீவுன்னாங்க, கடலையே கண்ணுல காட்ட மாட்டேங்கியே" என்று கேட்டுவிட்டார்.

தென் இங்கிலாந்தின் டோர்செட்டில், வேமத் பக்கத்தில் ஒரு காட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறேன். திங்கள் முதல் சனி காலை வரை. ஆகஸ்டில் கேட்ட வாடகையில் பாதிகூட இல்லை. ஆனால் ஆபீசில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். மழையில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் ஓட்டப்போகிறாய் என்கிறார்கள்.

பையனுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். மகளுக்கு ஐந்து. அம்மாவுக்கு முழங்கால் வலி, சமதரை என்றால் நடப்பார், ஏற்ற இறக்கம் ஆகாது. மூன்று பேருக்கும் தோதாக ஒரு வாரம் அமையுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

#2 கோவைக் குசும்பன்

முத்து, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஸ்பெயின் தீவான டெனெரீஃப் போய்விடுங்கள். சீசன் முடிந்த ஆங்கிலேயக் கடற்கரை ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். மீதிக் கடையில் போன மாதத்து ராக் மிட்டாய் விற்பார்கள். காற்றில் குடை பிடிக்க முடியாது, ஐந்து மணிக்கு இருட்டு. அம்மாவுக்குக் கடல்தான் வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரைட்டனுக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வாருங்கள். இதற்கு ஒரு வாரம் எதற்கு?

#3 பூல் செல்வி

நான் பூலில் குடியிருப்பவள், அதனால் கொஞ்சம் ஊர்ப்பாசத்தோடுதான் எழுதுவேன். குசும்பன் சொல்வதில் பாதி உண்மை. ஐஸ்கிரீம் கடை, ராட்டினம் எல்லாம் மூடியிருக்கும். ஆனால் ஆகஸ்டில் டர்டில் டோருக்குப் போனவர்களைக் கேளுங்கள், அந்தக் கல் வளைவைப் பார்த்த நேரத்தைவிட கார் நிறுத்த இடம் தேடிய நேரம்தான் அதிகம் என்பார்கள். அக்டோபரில் ஊர் எங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடும்.

கடல் நீர் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. செப்டம்பரில்தான் நல்ல வெதுவெதுப்பு, அக்டோபர் கடைசியிலும் 14, 15 டிகிரி இருக்கும். வேனிற்காலத் தொடக்கமான மே மாதத்தில் இதைவிடச் சில்லென்றுதான் இருக்கும். குளிக்கச் சொல்லவில்லை, கால் நனைக்கலாம். ஆனால் பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செப்டம்பரோடு போய்விடுவார்கள். அலைக்குள் இறங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்தே நில்லுங்கள்.

முக்கியமான ஒன்று. நம் ஆட்கள் விடுமுறை என்றால் முதலில் இடங்களைப் பட்டியல் போடுவோம். இலையுதிர் காலத்தில் இங்கே அது உதவாது. முதலில் கடல் வற்றும் நேரம், அப்புறம் பொழுது சாயும் நேரம், அதற்குப் பிறகுதான் எந்த இடம் என்பது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சனிக்கிழமை ஆறு மணி வரை வெளிச்சம் இருந்திருக்கும், திங்கட்கிழமை நாலே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். காலை பத்தரைக்குத் தோசை முடித்துக் கிளம்பும் குடும்பம் என்றால் பாதி நாள் போச்சு.

மகளுக்கு நாய் என்றால் பயமா? மே முதல் செப்டம்பர் வரை பல கடற்கரைகளில் நாய்களுக்குத் தடை உண்டு, அக்டோபர் 1 முதல் அந்தத் தடை கிடையாது. ஊர் நாய்கள் எல்லாம் அன்றைக்குத்தான் விடுதலை பெற்றதுபோல் ஓடும்.

#4 கல்தேடி

பையன் டைனோசர் பைத்தியம் என்றால் யோசிக்கவே வேண்டாம். சார்மத், லைம் ரீஜிஸ் இரண்டும் வேமத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2001இல் அறிவித்த ஜுராசிக் கடற்கரை இதுதான், 95 மைல் நீளம்.

இதற்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான் உண்மையான சீசன். மழையில் களிமண் பாறை சரியும், புயல் அலை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போகும், உள்ளே இருந்த புதைபடிவங்கள் கூழாங்கல்லோடு கலந்து கரையில் கிடக்கும். கோடை முழுக்கப் பொறுக்கித் தீர்த்த கரையில் புதுச் சரக்கு இறங்கும் நேரம்.

எப்படித் தேடுவது என்று ஒரு வார்த்தை. எல்லோரும் பாறையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அதற்கு முதுகைக் காட்டுங்கள். தண்ணீர் இறங்கிய ஓரத்தில், பொடிக் கற்கள் சேர்ந்து கிடக்கும் பட்டையில் குந்தி உட்காருங்கள். பையனுக்கு ஒரு சதுர அடி, மகளுக்கு ஒரு சதுர அடி என்று பிரித்துக் கொடுங்கள். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவில் கட்டைவிரல் நகம் அளவில் பித்தளை மினுமினுப்போடு ஒரு சுருள் தெரிந்தால் அது அம்மோனைட், என்றோ அழிந்துபோன கடல் உயிரின் ஓடு. சுமார் 19 கோடி ஆண்டுப் பழசு. துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் கிடைப்பது பெலம்னைட், கணவாயின் தூரத்துச் சொந்தக்காரன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கண்ணில் படும், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் அல்லவா.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். அந்தப் பித்தளை நிறம் பைரைட் என்ற இரும்புக் கனிமம். ஈரம் பட்டால் சில வருடங்களில் வெளிறிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

லைமில் இன்னொன்று: ஊருக்கு மேற்கே மன்மத் கடற்கரை. கடல் வற்றியதும் சுண்ணாம்புப் பாறைத் தளம் வெளியே வரும். அதில் அரை மீட்டருக்கு மேல் அகலமான அம்மோனைட்கள் பதிந்து கிடக்கின்றன. எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மேலே நின்று பார்க்கலாம். ஆனால் போகும் வழி முழுக்கப் பாசி பிடித்த பாறாங்கல், அம்மாவுக்கு வேண்டாம்.

#5 கோவைக் குசும்பன்

கல்தேடி, நீங்களே சொல்கிறீர்கள், மழையில் பாறை சரியும் என்று. அந்த இடத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையை அக்டோபரில் அழைத்துப் போகச் சொல்கிறீர்களே, நியாயமா? 2012இல் இதே கடற்கரையில், பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில், பாறை சரிந்து ஒரு இளம்பெண் இறந்தார். அது கோடைக்காலம், ஜூலை. டெனெரீஃபில் அதிகபட்சம் தோல் கறுக்கும்.

#6 கல்தேடி

கேள்வி நியாயம்தான். இந்தக் கடற்கரையின் பெரிய ஆள் மேரி ஆனிங் (1799–1847). பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஏழைத் தச்சர் மகள். பன்னிரண்டு வயது வாக்கில் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தவர். 1823இல் நீள்கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசரை முழுமையாகக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவருக்கே 1833 அக்டோபரில் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஆனது. பாறை சரிந்து, அவர் காலடியில் இருந்த டிரே என்ற நாய் செத்துப்போனது. வாழ்நாள் முழுக்க அந்தப் பாறையோடு பழகியவருக்கே அந்த நிலை. அதனால்தான் பாறைக்கு முதுகைக் காட்டச் சொன்னேன், அடிவாரத்துக்குப் போகாதீர்கள் என்று அர்த்தம். பொடிக்கல் பட்டை தண்ணீர் ஓரத்தில் இருக்கிறது. பாறைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி உண்டு, கடல் வற்றியிருந்தால்.

பயமாக இருந்தால் சார்மத் கடற்கரை மையத்திலும் லைம் ரீஜிஸ் அருங்காட்சியகத்திலும் வழிகாட்டியோடு புதைபடிவ நடை நடத்துகிறார்கள். நேரத்தையே கடல் வற்றுவதைப் பார்த்துத்தான் வைப்பார்கள். விடுமுறை வாரத்துக்கு முன்பதிவு வேகமாக முடிந்துவிடும். லைம் அருங்காட்சியகம் இருப்பது ஆனிங் பிறந்த வீடு இருந்த இடத்தில். 2022இல் திறந்த அவருடைய வெண்கலச் சிலையும் ஊரில் இருக்கிறது. பையனைச் சிலை முன் நிறுத்திப் படம் எடுங்கள், நாயும் சிலையில் உண்டு.

சுத்தியல் வாங்கினால் கூடவே பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள்.

#7 பூல் செல்வி

சுத்தியலே வேண்டாம் என்பேன். ஒன்பது வயதுப் பையன் கையில் சுத்தியல் இருந்தால் கண்ணில் படும் எல்லாக் கல்லையும் உடைப்பான், பக்கத்தில் குந்தியிருக்கும் தங்கச்சி முகத்தில் தெறிக்கும். சார்மத்தில் உடைக்காமலே கிடைக்கும்.

இன்னொன்று, மழைக்குப் பிறகு சரிந்து கிடக்கும் சேறு மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். மீட்புப் படை வந்து ஆட்களை இழுத்து எடுத்த கதைகள் உண்டு. சார்மத்திலிருந்து லைமுக்குக் கடற்கரை வழியாகவே நடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் கடல் ஏறினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது, பக்கத்தில் பிளாக் வென் என்ற மண்சரிவு.

பூல் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்குவது ஓர் ஆள் உயரத்துக்குள்தான். லைமில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஓரிடத்தில் பார்த்த நேரத்தை இன்னோரிடத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தந்த ஊர் டைட் டேபிளை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை, பாருங்கள்.

#8 கல்தேடி

சுத்தியல் விஷயத்தில் நானும் செல்வியும் ஒத்துப்போகப் போவதில்லை. பையன் என்னோடு வந்தால் நான் கற்றுத் தருவேன்.

#9 கரவெட்டியான்

முத்து தம்பி, நாங்கள் ஹரோவில் இருந்து ரெண்டு வாகனத்தில் மாமி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒக்டோபரில் அந்தப் பக்கம் போறனாங்கள். மழை ஒரு நாள் வரும், மற்ற நாள் வெயில் எறிக்கும். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது டைனம் என்ற கிராமம். லல்வேர்த் பக்கம் இராணுவத்தின் சுடுபயிற்சி நிலத்துக்குள் இருக்கிறது. 1943 டிசம்பரில், போர்ப் பயிற்சிக்கு என்று அங்கிருந்த 225 பேரளவில் எழுப்பி விட்டார்கள். சண்டை முடிந்தால் திரும்பி வரலாம் என்று நம்பித்தான் போனதுகள். தேவாலயக் கதவில், எங்கட வீடுகளையும் கோயிலையும் கவனமாகப் பாருங்கோ, ஒரு நாள் வருவோம் என்ற கருத்தில் ஒரு கடிதம் குத்திவிட்டுப் போயிருக்கினம். 1948இல் இராணுவம் நிலத்தை நிரந்தரமாக எடுத்துவிட்டது. ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது கூரையில்லாத வீடுகள், ஒவ்வொன்றிலும் யார் இருந்தார்கள் என்ற பலகை. பள்ளிக்கூடத்தை மட்டும் பழையபடி வைத்திருக்கிறார்கள். கோட்டு மாட்டும் கொளுவிகளுக்கு மேலே பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். என் மனைவியின் ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 1990இல் சண்டையில் வெளிக்கிட்டதுகள், 2017இல்தான் துறைமுகப் பக்கத்தை இராணுவம் விட்டது. அவ அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நிண்டா. நான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் திறப்பார்கள், சில விடுமுறை நாட்களிலும் உண்டு. சுடுபயிற்சி இருந்தால் றோட்டையே மூடிவிடுவார்கள். போக முன்னம் இணையத்தில் திகதி பார்க்க வேணும். கிராமம் மட்டமான இடம், அம்மா நடப்பா. அங்கிருந்து வோர்பரோ விரிகுடாவுக்கு ஒரு மைலளவில் பாதை இருக்கிறது, பிள்ளைகளோடு நீங்கள் போய் வரலாம்.

#10 நடைராசா

கார் இல்லாதவன் அனுபவம். வாட்டர்லூவில் ஏறினால் பூல், வேர்ஹம், வேமத் எல்லாம் ஒரே ரயில். அதனால் நான் எப்போதும் இந்தக் கடற்கரையைத்தான் தேர்ந்தெடுப்பேன். இலையுதிர் காலத்தில் கஷ்டம் என்னவென்றால் பஸ். கோடைக்கால அட்டவணை முடிந்ததும் நிறைய வண்டிகள் குறைந்துவிடும், கடைசிப் பஸ் முன்னாலேயே போய்விடும். வேமத்திலிருந்து போர்ட்லண்டுக்கு 1ஆம் நம்பர் பஸ் அடிக்கடி உண்டு. ஆனால் போர்ட்லண்ட் முனையிலுள்ள கலங்கரை விளக்கம் வரை போகாது, சவுத்வெல்லில் இறங்கி ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். நடப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. 1906இல் கட்டிய சிவப்பு வெள்ளைப் பட்டை விளக்கம், 41 மீட்டர் உயரம். தெற்கே கிளம்பும் பறவைகள் நிலம் முடியும் அந்த முனைக்கு வந்து கூடும். அக்டோபர் காலையில் அங்கே தொலைநோக்கியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

திரும்பும் வழியில் செசில் கடற்கரை. 18 மைல் நீளத்துக்குக் கூழாங்கல் மேடு. மேற்குக் கோடியில் வெஸ்ட் பேயில் பட்டாணி அளவு கல், போர்ட்லண்ட் பக்கம் வர வர உருளைக்கிழங்கு அளவு. இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லைத் தொட்டுப் பார்த்து எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். முத்து, பையனை இரண்டு முனையிலும் நிறுத்திக் கல்லைக் கையில் கொடுங்கள், பார்த்தபின் அங்கேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கொண்டு போகக் கூடாது.

அங்கே கால் நனைக்கவும் வேண்டாம். கரை ஓரத்திலேயே சட்டென்று ஆழம், திரும்பும் அலை கல்லோடு சேர்த்துக் காலை வாரும்.

#11 ஹவுன்ஸ்லோ முத்து

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கரவெட்டியான் அண்ணா எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பையனுக்குச் சார்மத் முடிவாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. படகில் ஏறுவார், ரயில் பிடிக்கும், உட்கார இடம் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். குசும்பன், டெனெரீஃபுக்கு அம்மாவின் விசாவில் போக முடியாது.

#12 பூல் செல்வி

அம்மாவுக்கு என்று கேட்டால் எனக்கு மூன்று இடம் தோன்றுகிறது.

பிரவுன்சி தீவு. பூல் படகுத்துறையிலிருந்து படகு. பேடன் பவல் 1907இல் சாரணர் முகாமை முதன்முதலாக நடத்திப் பார்த்த இடம். இங்கிலாந்தின் தென்பகுதியில் சிவப்பு அணில் மிஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. மற்ற இடங்களில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில் அதை ஒழித்துவிட்டது, தீவு என்பதால் இங்கே வர முடியவில்லை. அக்டோபரில்தான் அணில் பார்க்க வேண்டும். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் அவசரத்தில் மனிதர்களைக் கண்டுகொள்ளாது. செஸ்ட்நட்டை இரண்டு கையாலும் பிடித்து நாலு உருட்டு உருட்டிப் பார்க்கும். சொத்தை என்றால் அங்கேயே போட்டுவிடும், நல்லது என்றால் குழி தோண்டிப் புதைத்து, மேலே இலையைத் தட்டிவிட்டு ஓடும். காதில் முடிக் குஞ்சம் வளரத் தொடங்கியிருக்கும். தேவாலயத்தை ஒட்டிய பக்கம் ஏறக்குறைய மட்டமான பாதை, பெஞ்சுகள் உண்டு. அங்கே மயில்களும் சுற்றும். தோகையை ஆகஸ்ட் வாக்கிலேயே உதிர்த்துவிட்டு வெறும் வாலோடு நிற்கும், அம்மா பார்த்தால் "இது என்ன, கோழியா?" என்பார். தீவு குளிர்காலத்தில் பொதுமக்களுக்கு மூடப்படும். அக்டோபர் கடைசி என்றால் படகு எதுவரை என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஸ்வானேஜ் நீராவி ரயில். நோர்டனில் காரை நிறுத்திவிட்டு ஏறினால் கோர்ஃப் கோட்டை வழியாக ஸ்வானேஜ். 1646இல் வெடிவைத்துத் தகர்த்த கோட்டை. சுவர்கள் சாய்ந்தபடியே இன்னும் நிற்கின்றன. ரயில் ஜன்னலிலிருந்தே முழுதாகத் தெரியும், அம்மா மேலே ஏற வேண்டியதில்லை. ஸ்வானேஜில் நிலையத்திலிருந்து கடற்கரை சில நிமிட நடை, மட்டமான சாலை, காற்று அடிக்காத விரிகுடா. பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்க இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஆர்ன். இது என் சொந்தப் பைத்தியம். பறவைகள் சரணாலயம், ஆனால் அக்டோபரில் அங்கே மான்தான் கதாநாயகன். சிகா மான், ஜப்பானிய இனம். 1896இல் பிரவுன்சிக்குக் கொண்டு வந்தார்கள், அது நீந்தி இக்கரைக்கு வந்து பெருகிவிட்டது. இணைசேரும் காலம் இது. காலைப் பனியில் ஆண் மான் கத்துவதை முதல்முறை கேட்டால் யாரோ பெண் அலறுகிறாள் என்று நினைப்பீர்கள். சேற்று நிலத்தில் கரண்டிவாயன்களும் நிற்கும். வேடந்தாங்கலில் பார்க்கும் அதே பறவை, இந்தத் துறைமுகத்துக்கு இலையுதிர் காலத்தில் கூட்டமாக வருகிறது. மானிடம் நெருங்க வேண்டாம், இந்த நேரத்தில் அதற்கு முன்கோபம்.

ஸ்டட்லண்ட் கடற்கரையும் அழகுதான். வெள்ளை மணல், கோடியில் ஓல்ட் ஹாரி என்ற சுண்ணாம்புப் பாறைகள். ஆனால் அங்கே ஒரு பகுதி உடை இல்லாமல் உலவுபவர்களுக்கானது, பலகை வைத்திருப்பார்கள். அம்மாவோடு போகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு நடங்கள். அக்டோபர் குளிரிலும் மன உறுதி உள்ளவர்கள் உண்டு.

#13 சவுத்தாம்ப்டன் மீனா

சாப்பாட்டைப் பற்றி யாருமே எழுதவில்லையே! காட்டேஜ் என்றதும் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவோம். முதலில் என்ன அடுப்பு என்று கேளுங்கள். இன்டக்ஷன் என்றால் அலுமினிய குக்கர் சூடே ஆகாது, அடி கனமான ஸ்டீல் குக்கர் வேண்டும். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். இந்த ஊர் ஸ்மோக் அலாரத்துக்கு வரமிளகாய் ஆகாது. இட்லி மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். அங்கே அரைத்து வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது.

ஹீட்டிங் செலவு வாடகையில் அடக்கமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு இடத்தில் எங்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஹீட்டர் தானாக நின்றுவிடும். அத்தை இரண்டு ஸ்வெட்டரோடு தூங்கினார். வாடகை ஏன் குறைவு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சைவம் என்றால் சிப்ஸ் கடையில் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். டோர்செட் ஆப்பிள் கேக் இந்தப் பருவத்தில் எல்லா டீக்கடையிலும் கிடைக்கும், சூடாக வாங்குங்கள், முட்டை சேர்த்திருப்பார்கள். மீன் சாப்பிடுபவர்கள் வேமத் துறைமுகத்தில் போர்ட்லண்ட் நண்டு கேட்டுப் பாருங்கள். நண்டு விஷயத்தில் தூத்துக்குடி அம்மா என்ன தீர்ப்புச் சொல்கிறார் என்று எழுதுங்கள்.

#14 கோவைக் குசும்பன்

அம்மா விசா என்றதால் டெனெரீஃபை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ஐந்து நாள் அதிகம் என்பதில் மாற்றமில்லை.

போகும் வழியில் ஒன்று. எம்27 நெடுஞ்சாலை முடிந்து ஏ31இல் நியூ ஃபாரஸ்ட் காடு வரும். பர்லி, பிராம்ஷா பக்கம் உள்ளே திரும்பினால் சாலையில் பன்றிகள் உலவும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை கொட்டிக் கிடக்கும், அது அங்குள்ள குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் ஊர்க்காரர்கள் தங்கள் பன்றிகளை இந்த மாதங்களில் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள், பல நூறு வருட உரிமை. என் பெண்ணுக்கு அந்தப் பயணத்தில் கடலைவிடப் பன்றிதான் பிடித்தது. காரை மெதுவாக ஓட்டுங்கள், அவை வழிவிடாது.

#15 ஹவுன்ஸ்லோ முத்து

திட்டம் இப்படி: திங்கட்கிழமை பன்றி பார்த்துவிட்டு வேமத் போய்ச் சேர்வது. மறுநாள் மதியம் சார்மத். புதன் பிரவுன்சி, வியாழன் ரயில், வெள்ளி போர்ட்லண்டும் செசிலும். சனிக்கிழமை வீடு. டைனம் சனியில்தான் என்றால் வழியில் பார்க்கலாமா?

அம்மா ஒரு கேள்வி கேட்டார்: தீபாவளி அமாவாசை கழிந்து ஒரு வாரம் ஆகிவிடுகிறதே, கடல் வற்றுமா?

#16 கல்தேடி

உங்கள் அம்மாவிடமே வழிகாட்டி வேலையைக் கொடுத்துவிடலாம். லைம், சார்மத் பக்கம் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும், அதுவும் நண்பகலை ஒட்டி. புதைபடிவம் தேடுபவர்களுக்கு அதுதான் பொன்னான நேரம். அஷ்டமி, நவமி வாக்கில் நேர்மாறு. நண்பகலில் ஏறி நிற்கும், வற்றுவதும் கொஞ்சம்தான். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும், மீதிக்கு டைட் டேபிள்.

உங்கள் விடுமுறை சஷ்டியில் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் போனால் கடல் வற்றும்போது இருட்டு வந்துவிடும். வேண்டாம். வளர்பிறை போகப்போக வாரக் கடைசியில் வற்றும் நேரம் காலைக்கு வந்துவிடும்.

#17 பூல் செல்வி

அதனால் இப்படி மாற்றுங்கள் தம்பி. செவ்வாய் பிரவுன்சி, தீவு மூடும் தேதிக்கு முன்னால் முடிந்த அளவு சீக்கிரம் போவதும் நல்லது. புதன் போர்ட்லண்ட், வியாழன் ரயில். வெள்ளியன்று ஒன்றும் வைக்காதீர்கள், மழை பெய்த நாளுக்கு ஈடாக இருக்கட்டும், பெய்யாவிட்டால் ஆர்ன். சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு நேராகச் சார்மத். ஒன்பது மணி வாக்கில் கடல் இறங்கியிருக்கும், டைட் டேபிளில் நிமிடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரையில் கற்பொறுக்கிவிட்டு, கடல் திரும்பி ஏறுவதற்குள் மேலே வந்து, அங்கிருந்தே ஏ303 பிடித்து லண்டன். அம்மா கடற்கரை மையத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

டைனத்தை இந்த முறை விட்டுவிடுங்கள், சார்மத்துக்கு எதிர்த்திசை. வாரநாளில் திறந்திருப்பதாக இணையத்தில் போட்டிருந்தால் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையை அதற்குக் கொடுங்கள்.

#18 கரவெட்டியான்

செல்வி சொல்றது சரி. வெள்ளி திறந்திருந்தால் ஆர்னை விட்டிட்டு டைனம் போங்கோ. கழிவறை வாகனத் தரிப்பிடத்துப் பக்கம் இருக்கு, கடை ஒன்றும் இல்லை. தேத்தண்ணியை ஃபிளாஸ்கில் கொண்டு போகவும்.

#19 சவுத்தாம்ப்டன் மீனா

சஷ்டி விரதம் இருப்பவர் யாராவது வீட்டில் உண்டா முத்து? திங்கட்கிழமை சூரசம்ஹாரம் என்றால் அன்றைய இரவுக்கு நண்டு பேச்சே எடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.